ஜாஸ் மேதைகளை நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்: ரெக்கார்டில் வராமல் அரங்கத்தில் மட்டும் கிடைத்தது எது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பரணில் இருந்த இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் தட்டு ஒன்று கைக்கு வந்தது. 1975இல் பதிவானது. வாத்தியக்காரர்கள் பட்டியலில் சார்லி மரியானோ என்ற பெயருக்கு நேரே சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், அப்புறம் நாகஸ்வரம் என்று போட்டிருக்கும். அந்தச் சொல்லை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நான் கிண்டி ஐ.ஐ.டி.யில் படித்தவன். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய இடம் என்பதால் எங்களில் பலர் மேல்படிப்புக்கு அங்கேதான் போனோம். 1976இல் ஷ்டுட்கார்ட்டில் இருந்தேன். கூடப் படித்த ஜெர்மன் பையன் ஒருவன் ஒரு சனிக்கிழமை இரவு வெபரின் 'கலர்ஸ்' குழு வாசிக்கிறது, வா என்று இழுத்துப் போனான். ஜாஸ் என்ற பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் அரை மணி நேரம் பிடி கிடைக்கவில்லை. பிறகு மரியானோ சாக்ஸபோனை வைத்துவிட்டுக் கீழே குனிந்து ஒன்றை எடுத்தார். எடுத்ததும் வாசிக்கவில்லை. சீவாளியை (ஊதுவதற்கு நுனியில் செருகும் நாணல் துண்டு) வாயில் வைத்து ஊறவிட்டுக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டபடி நின்றார்.

என் ஊர் நரசிங்கம்பேட்டைக்குப் பக்கம். ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிற ஊர். கோயில் வாசலில் வித்வான்கள் சீவாளியை இப்படி உதட்டில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். பாஸ்டனில் பிறந்த ஐம்பது வயது மனிதர் அதே மாதிரி நிற்கிறார். அப்போதே என் கண் கலங்கிவிட்டது. அவர் இன்னும் ஒரு ஸ்வரம்கூட ஊதியிருக்கவில்லை.

ஊதியபோது அது நம் ராகமாக இல்லை. ஸ்ருதிக்கு ஊதும் ஒத்து இல்லை, தவில் இல்லை. கீழே எலெக்ட்ரிக் பியானோ, அதன் மேல் வெபரின் நீண்ட பாஸ் நாதம், அதற்கும் மேலே இது. ஆனால் மூச்சை ஏற்றி இறக்கி, உதட்டால் ஸ்வரத்தை வளைக்கும் வேலை நம்முடையது. ரெக்கார்டில் வராத விஷயம் ஒன்று அங்கே இருந்தது. நாகஸ்வரம் வெட்டவெளிக்கான வாத்தியம். அந்தச் சின்ன அரங்கத்தில் அவர் மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பி ஊதினார். அப்படியும் முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தட்டில் அந்த நாதத்தை மற்றவற்றோடு சமமாக அடக்கி வைத்திருக்கிறார்கள். அதன் உண்மையான உயரம் அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்காக: மரியானோ லேசான ஆள் இல்லை. அமெரிக்க ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸ் 1963இல் செய்த மிகப் பெரிய பதிவு ஒன்றில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தவர். அறுபதுகளில் மலேசிய வானொலி இசைக்குழுவோடு வேலை செய்யப் போன இடத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டு, அதைக் கற்பதற்கென்றே தென்னிந்தியா வந்தார். 2009இல் கொலோனில் காலமானார்.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள். யாரை, எங்கே கேட்டீர்கள் என்பதோடு, நேரில் இருந்ததால் மட்டும் தெரிந்தது என்ன என்றும் எழுதுங்கள்.

---

மாட்டுங்காத் தமிழன்

ஐயா, சீவாளி விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னுடையது 1978. பம்பாயில் முதல் ஜாஸ் யாத்ரா விழா. ரங் பவன் என்ற திறந்தவெளி அரங்கம், சேவியர் கல்லூரிக்குப் பக்கத்தில். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் எம்.எஸ்., மதுரை மணி, அரியக்குடி, இவ்வளவுதான். நண்பனுடைய அண்ணன், சாக்ஸபோன் மேதை சானி ராலின்ஸ் வருகிறார் என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் இருந்தார். அவர் நிலையைப் பார்த்துத்தான் நான் போனேன்.

ராலின்ஸ் ஒரே இடத்தில் நின்று வாசிக்கவில்லை. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார், சாக்ஸபோனின் வாயைத் தரையை நோக்கி இறக்குவார், வானத்தை நோக்கித் தூக்குவார். நடக்க நடக்க ஒலியும் நகரும். ஒரு கட்டத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட்டன, அவர் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டே போனார். ஒரு மெட்டைத் தொடுவார், பாதியில் இன்னொன்றுக்குத் தாவுவார், நாம் முதல் மெட்டை மறந்த பிறகு அதையே கொண்டுவந்து முடிப்பார். ராகம் தானம் பாடும்போது பெரிய வித்வான் எங்கே சுற்றினாலும் பல்லவி தொடங்கும் எடுப்பில் வந்து நிற்பாரே, அந்த நிம்மதி வந்தது.

இன்னொன்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பத்து வருடங்களுக்கு முன்பே பம்பாய்க்கு வந்து, பவாயில் உள்ள ஆசிரமத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1959 முதல் 61 வரை, புகழின் உச்சியில் இருக்கும்போதே மேடையை விட்டு விலகி, நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று நாள்கணக்கில் சாதகம் செய்தவர். அந்த நடையும் ஒலியும் பாலத்தில் வந்த பழக்கம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. காற்று அடிக்கிற இடத்தில் சாதகம் செய்தவனுக்குத் திறந்தவெளி அரங்கம் வீடு மாதிரி.

---

புதுக்காது

நான் கோயம்புத்தூர். இரண்டு வருடமாகத்தான் ஜாஸ் கேட்கிறேன். ஒரு சந்தேகம். ஜாஸில் ஆளுக்கு ஆள் தனியாக வாசிப்பதும் நம் மனோதர்மமும் (அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவது) ஒன்றுதானா? கச்சேரி கேட்டுப் பழகிய காதோடு போனால் நேரில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

---

தாளக்கணக்கு

நியூஜெர்ஸியில் இருக்கிறேன், பன்னிரண்டு வருடம் மிருதங்கம் படித்தேன். உங்கள் கேள்விக்கு நான் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

ராய் ஹெய்ன்ஸ். 1925இல் பிறந்தவர், 2024 நவம்பரில் 99 வயதில் போனார். லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், மங்க், கோல்ட்ரேன் என்று எல்லோருக்கும் டிரம்ஸ் வாசித்தவர். ஒரே ஆளின் கையில் அந்த வரலாறு முழுவதும். மார்ச் மாதம் பிறந்தநாள் வந்தால் நியூயார்க்கில் மேடை ஏறிவிடுவார். தொண்ணூறை ஒட்டிய வயதில் அவரைப் பக்கவாட்டு மேசையிலிருந்து பார்த்தேன். இரண்டு கையும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ரெக்கார்டில் கேட்டபோது அவர் காலப்பிரமாணத்தை இறுக்கிப் பிடித்து ஓட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தால் பிடிக்கவே இல்லை. அடிப்பதை விட அடிக்காமல் விட்ட இடங்கள்தான் அதிகம். குச்சி தோலுக்கு ஓர் அங்குலம் மேலே வந்து நின்றுவிடும், அந்த அடி நம் மனசுக்குள் விழும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பாட்டுக்கு வாசிக்கும்போது கையை நிறுத்திவிடுவார் என்று என் குரு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது. கடைசியில் எழுந்து வந்து மேடையில் டாப் டான்ஸ் வேறு ஆடினார். அந்த வயதில்!

பிடித்துக்கொள்ள வேண்டியது: ஒரு பாட்டுக்கு 32 தாளக்கட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று. எல்லோரும் அதற்குள் சுற்றி வருகிறார்கள். சில இடத்தில் நாலு கட்டு சாக்ஸபோன், நாலு கட்டு டிரம்ஸ் என்று மாறி மாறி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி அளவைக் குறைத்துக்கொண்டே குறைப்பு வாசிப்பது போலத்தான். அங்கே உங்கள் கை தானாகத் தாளம் போட ஆரம்பிக்கும், விட்டுவிடுங்கள்.

---

காவிரிக்கரை

தாளக்கணக்கு சொல்வது சரிதான், ஆனால் முழுவதையும் அப்படி மொழிபெயர்த்துவிடக் கூடாது. நமக்கு ஸ்ருதி அசையாது, ராகம் மாறாது. அந்த நிச்சயத்தின் மேல் நின்று பாடுகிறோம். ஜாஸில் காலுக்குக் கீழே தரையே நகர்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் பியானோக்காரர் வேறு ஸ்வரக்கூட்டைப் போடுகிறார், போன நொடி பொருந்திய ஸ்வரம் இந்த நொடி உறுத்தும். அதைத் தெரிந்தே உறுத்தவிட்டு, அடுத்த கட்டில் சரியாக்குவதில்தான் அவர்களுடைய ருசி. இதை உணர எனக்கு மூன்று நான்கு வருடம் ஆயிற்று. புதுக்காது அவசரப்பட வேண்டாம்.

---

லெமான் ஏரி

நான் யாழ்ப்பாணம், இப்ப சுவிஸில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல். இதை எங்கேயும் எழுதினது இல்லை.

1991இல் மொந்த்ரோ நகரில் ஒரு ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. எங்கட பெடியள் நிறையப் பேர் அப்ப சுவிஸ் முழுக்க அந்த வேலைதான். ஜூலை மாதம் அங்கே ஜாஸ் விழா நடக்கும், ஊரே நிறைந்துவிடும். எங்கட தலைமைச் சமையல்காரர் ஓர் இத்தாலியர், நல்ல மனிசன். மைல்ஸ் டேவிஸ் வாசிக்கிற அன்று அவருடைய மனைவிக்குச் சுகமில்லை, மற்ற டிக்கெட்டை எனக்குத் தந்தார். ஜூலை 8.

மைல்ஸ் டேவிஸ் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊதுகிற வாத்தியம் தெரியும். தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த ஊர் எங்கட ஊர். திருவிழாவில் விடிய விடிய இருந்து நாதஸ்வரம் கேட்டவன். ஊதுகிறவருக்கு எப்ப மூச்சு முட்டுகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன்.

மேடை நிறைய வாத்தியக்காரர், க்வின்சி ஜோன்ஸ் நின்று நடத்தினார். நடுவில் மெலிந்த மனிதர் ஒருவர், டிரம்பெட்டின் வாயில் அடைப்பான் போட்டு மைக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். அந்தச் சத்தம் என் காதுக்குள் கதைக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்குப் பின்னால் இருந்த எனக்கு. பெரிய சபையில் மெல்லக் கதைத்து எல்லோரையும் கேட்க வைக்கிறவரை நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

அவருக்குச் சுகமில்லை என்று எனக்கு விளங்கியது. சில இடங்களில் பக்கத்தில் இருந்த இளம் கலைஞர் ஊத, இவர் டிரம்பெட்டை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டு இருந்தார். செப்டம்பர் 28ஆம் திகதி அவர் செத்துப்போனார் என்று ரேடியோவில் சொன்னபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியில் போய் நின்றுவிட்டார்.

---

தாளக்கணக்கு

அண்ணா, நீங்கள் அங்கே இருந்திருக்கிறீர்கள் என்று படிக்கவே பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கச்சேரியின் பதிவைப் பற்றி என் மனசில் உள்ளதையும் சொல்ல வேண்டும். அன்று வாசித்தவை பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதை ஒட்டியும் இசை அமைப்பாளர் கில் எவன்ஸ் மைல்ஸுக்காக எழுதிக்கொடுத்தவை. பழையதைத் திரும்ப வாசிக்கவே மாட்டேன் என்று பல பத்தாண்டுகள் பிடிவாதமாக இருந்தவர் மைல்ஸ். க்வின்சி ஜோன்ஸ் வற்புறுத்தித்தான் சம்மதித்தார். கஷ்டமான பகுதிகளில் வாலஸ் ரோனியும் சாக்ஸபோனில் கென்னி காரெட்டும் தாங்கிப்பிடிக்கிறார்கள். 1993இல் வெளிவந்த பதிவை நான் பலமுறை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அவரை அப்படியே விட்டிருக்கலாம்.

---

லெமான் ஏரி

தம்பி, நீங்கள் கேட்டது பதிவு. நான் பார்த்தது ஆளை.

எங்கட ஊரில் வயசான நாதஸ்வரக்காரர் ஒருவர் இருந்தார். கடைசிக் காலத்தில் திருவிழாவுக்கு வந்தால் ஆலாபனையை மகன்தான் வாசிப்பான். அவர் இரண்டு பிடி பிடித்துவிட்டுச் சீவாளியை எடுத்து வைத்திருப்பார். அந்த இரண்டு பிடிக்காகச் சனம் இரவு இரண்டு மணி வரை இருக்கும். யாரும் அவரைப் பார்த்துப் பாவம் என்று சொன்னதில்லை. மைல்ஸ் டேவிஸ் அந்த இளையவருக்கு இடம் விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்ட விதத்தை நான் கண்ணால் கண்டேன். தோற்றுப்போன மனிதர் அப்படிக் கேட்க மாட்டார்.

அந்த வாலஸ் ரோனியும் 2020இல் கொரோனாவில் போய்விட்டார். அன்றைக்கும் நான் அழுதேன்.

---

தாளக்கணக்கு

இன்று இரவு அதை மறுபடி போட்டுக் கேட்கிறேன் அண்ணா.

---

ஸ்காபரோக்காரி

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துவிட்டு எழுதுகிறேன். கனடாவில் வளர்ந்தவள், பியானோ ஆசிரியை.

2004, மொன்றியல் ஜாஸ் விழாவின் இருபத்தைந்தாம் ஆண்டு. ஆஸ்கர் பீட்டர்சன். அவர் பிறந்து வளர்ந்த நகரம் அது. அப்பா ரயிலில் போர்ட்டர் வேலை செய்தவர், அக்கா டெய்சிதான் முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். அதே டெய்சி சொல்லிக்கொடுத்த இன்னொருவர், பக்கத்துத் தெருக்களில் வளர்ந்த ஒலிவர் ஜோன்ஸ். ஓய்வு பெற்றிருந்த ஜோன்ஸ் அந்த ஆண்டு விழாவுக்காகத் திரும்பி வந்து பீட்டர்சனோடு மேடையைப் பகிர்ந்துகொண்டார்.

நான் என் மாணவர்களுக்குப் பீட்டர்சனின் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டுவேன். இரண்டு கையும் சேர்ந்து மழை கொட்டுவது போல இருக்கும். 1993இல் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை பலவீனமாகிவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து வலது கையை நம்பி மேடைக்குத் திரும்பினார். அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன், ஆனாலும் பயமாக இருந்தது. ஒரு மேதை சிரமப்படுவதைப் பார்க்கப் போகிறோமே என்ற பயம்.

மெதுவாக நடந்து வந்து உட்கார்ந்தார். என் கண் முழுக்க இடது கையில்தான். அது பெரும்பாலும் மடியிலும் விசைப்பலகையின் ஓரத்திலும் இருந்தது. வலது கை பாட ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் நான் இடது கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பாஸும் கிதாரும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன என்று நினைத்தேன். பிறகு ஒரு மெதுவான பாட்டில் அந்த இடது கை எழும்பி வந்து மூன்றே மூன்று ஸ்வரத்தை ஒன்றாக அழுத்தியது. அவ்வளவுதான். சரியான இடத்தில், சரியான கனத்தில். இளமையில் ஆயிரம் ஸ்வரம் வாசித்த கை. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான பிரெஞ்சுக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அதுக்குப் பிறகு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றிவிட்டேன். பாட்டு முழுக்க இடது கைக்கு மூன்று இடம் மட்டும் தருவேன், எங்கே என்று அவர்களே தேட வேண்டும்.

---

காவிரிக்கரை

அம்மா, இதைப் படித்ததும் வெபர் ஞாபகம் வந்துவிட்டது. 2007இல் அவருக்கும் பக்கவாதம், அதன் பிறகு பாஸ் வாசிக்கவே முடியவில்லை. தன் பழைய கச்சேரிகளில் வாசித்த தனிப்பகுதிகளை எடுத்து, அவற்றின் மேல் புது இசை சேர்த்து 2012இல் ஒரு தட்டு வெளியிட்டார். கீத் ஜாரெட்டுக்கும் 2018இல் அதே கதி. அரங்கத்தில் வந்து உட்கார்ந்து, எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் ஒரு மாலை முழுவதும் தனியாகப் பியானோ வாசித்தவர் அவர்.

---

புதுக்காது

நான் பார்த்தது ஒரே ஒரு பெரிய கச்சேரிதான். 2023 ஜனவரி, பெங்களூரு, ஜாஸையும் இந்திய இசையையும் கலக்கும் சக்தி குழுவின் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம். அதை ஜாஸ் என்று இங்கே ஒத்துக்கொள்வீர்களா தெரியாது, ஆனால் அதன் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். அன்று அவருக்கு 81 வயது. ஜாகிர் உசேனின் தபலாவும் செல்வகணேஷின் கஞ்சிராவும் பேசிக்கொண்டபோது நான் இருவருடைய கையையும் பார்க்கவில்லை, மெக்லாக்லினின் முகத்தைப் பார்த்தேன். கிதாரைக் கீழே சாய்த்துவிட்டு, சின்னப் பையன் மாதிரிச் சிரித்துக்கொண்டு கேட்டார். 1970களின் சக்தியில் செல்வகணேஷின் அப்பா விக்கு விநாயக்ராம் கடம் வாசித்தார். அப்பாவோடும் வாசித்து, மகனோடும் வாசித்தவர் மெக்லாக்லின். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் போய்விட்டார். அந்த டிக்கெட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

---

தாளக்கணக்கு

புதுக்காது, கோயம்புத்தூர் என்றீர்களே. செட்டிபாளையம் உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே பிறந்த சச்சிதானந்த சுவாமிதான் அமெரிக்காவில் ஆலிஸ் கோல்ட்ரேனுக்குக் குருவாக இருந்தவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்து, ஆலிஸ் நாலு குழந்தைகளோடு துக்கத்தில் இருந்த காலம். சுவாமியின் பெயரைத் தாங்கி 1971இல் ஆலிஸ் வெளியிட்ட தட்டு ஹார்ப்பும் தம்புராவுமாகத் தொடங்கும். அந்த ஆண்டே பிப்ரவரியில் அவருடைய யோக நிலையத்துக்கு நிதி திரட்ட கார்னகி ஹாலில் வாசித்தார்.

நான் ஆலிஸைக் கேட்டது 2006 இலையுதிர் காலம், நியூஆர்க்கில். ரொம்ப வருடம் பொது மேடைப் பக்கமே பெரிதாக வராமல் ஆசிரம வாழ்க்கை வாழ்ந்தவர், அந்த ஆண்டு சில கச்சேரிகள் மட்டும் செய்தார். மகன் ரவி சாக்ஸபோன். ரவிசங்கரை நினைத்து வைத்த பெயர் அது. மெல்லிய உருவம், மேடைக்கு வந்ததும் சபையைக் கும்பிட்டார். ஆர்கனில் அவர் பிடித்த முதல் ஸ்வரம் இருக்கையின் கைப்பிடி வழியாக என் கைக்கு ஏறியது. இன்றைக்கும் அந்தத் தட்டை ஹெட்போனில் கேட்டால் கையில் ஏதோ குறைகிறது. 2007 ஜனவரி 12 அன்று காலமாகிவிட்டார்.

---

புதுக்காது

செட்டிபாளையம் என் காலேஜ் பஸ் போகிற வழி! இது தெரியாமலே நாலு வருடம் போய் வந்திருக்கிறேன்.

காவிரிக்கரை ஐயா, ஒன்று கேட்கிறேன். மரியானோவை அதற்கப்புறம் பார்த்தீர்களா?

---

காவிரிக்கரை

இல்லை தம்பி. 1977இல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் தெரு நாகஸ்வர வித்வானிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நிறையக் கேள்வி கேட்டார். மரியானோ பாரியில் (நீளமான நாகஸ்வரம்) வாசிக்கிறாரா திமிரியிலா (குட்டையானது), தாடையை எப்படி வைக்கிறார், மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று. எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஒரு சின்ன தகர டப்பாவோடு வந்தார். ஆறு சீவாளி, துணியில் சுற்றி. "அந்த ஊர்க் குளிருக்கு இது சீக்கிரம் போயிடும், அவர்கிட்ட கொடுத்துடு" என்றார்.

கொண்டுபோனேன். நான் ஷ்டுட்கார்ட்டில் இருந்த மீதிக் காலத்தில் அவர்கள் அங்கே வாசித்த ஒரு தேதிகூட எனக்குத் தோதாக அமையவில்லை, பிறகு வேலைக்காக வடக்கே போய்விட்டேன். கொலோன் ஒன்றும் தூரம் இல்லை. போயிருக்க வேண்டும், போகவில்லை. டப்பா என்னோடு நாலு வீடு மாறியிருக்கிறது.

---

லெமான் ஏரி

ஐயா, அதை இப்பவும் வைத்திருக்கிறீர்களோ?

---

காவிரிக்கரை

வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எடுத்துத் திறந்தேன். அஞ்சு நன்றாக இருக்கிறது, ஒன்றின் நுனி மட்டும் பிளந்துவிட்டது. நாளை பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.